எட்டாவது ஆட்டக்காரி

சக்கர நாற்காலியின் டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். குறைந்தால் தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை போய்விடும். சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பன்னிரண்டு நாற்காலி, இருபத்து நான்கு டயர். முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்களில் தலைமுடி சிக்கிக்கொள்ளும், அதை ஊசியால் எடுப்பேன். பதினான்கு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. காய்ச்சலோடு போய்ச் செய்திருக்கிறேன். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க, அவசரமில்ல" என்று சொல்லித்தான் தாள் கொடுத்தீர்கள், மேடம். முறையாகவே எழுதுகிறேன்.

என்னை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். விளையாட்டு பீரியட் வந்தால், கால் சரியில்லாத பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். அப்படி உட்காரச் சொல்கிறவன் நான்தான். ஒன்பது வருஷம் சொன்னேன். ஒருநாள் ஒரு பெண், "சார், நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் பைதான் பாத்துக்கணுமா?" என்று கேட்டாள். திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒன்றாக ஆடுவதற்கு நிதி தருகிறோம் என்று அரசு திட்டம் அறிவித்ததும் நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டேன். வருகிற சீதேவியைக் காலால் உதைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் என் மாமனார்.

கூடம் முன்பு தானியக் கிடங்காக இருந்தது. எலிகளை விரட்டவே ஒரு மாதம் ஆயிற்று. தரைக்குப் பலகை அடித்தோம். வாசல் படிகளை இடித்துச் சாய்வுப் பாதை போட்டோம். இரண்டு பக்கமும் கூடைப்பந்து வளையம் மாட்டினோம். வடக்குச் சுவர் நெடுக, இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி பொருத்தினோம். நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தி, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து நீட்டிப் பயிற்சி செய்வதற்கு. ஆறு தாங்கிகள், ஒரு தாங்கிக்கு இரண்டு போல்ட். எல்லாம் என் கண் முன்னால் அடித்தவை.

இனி அந்த எட்டு பேர் விஷயம். அது புரியாமல் மேலே படித்தால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று தோன்றும். ஆரம்ப வருஷங்களில் இந்தத் திட்டத்தில் ஏகப்பட்ட தில்லுமுல்லு நடந்தது. நல்ல கால் உள்ளவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்து நிதி வாங்கிய சங்கங்கள் உண்டு. அதிகாரியின் வண்டி தெருமுனை தாண்டியதும் ஆட்டக்காரர்கள் எழுந்து நடந்து டீ குடிக்கப் போவார்கள். அதைத் தடுக்க இலாகா ஒரு விதி போட்டது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து நடத்தும் இடத்தில் 'முதல் நிலை' ஆட்டக்காரர்கள் எட்டு பேராவது இருக்க வேண்டும். முதல் நிலை என்றால், பிடிமானம் கொடுத்தாலும் நிற்க முடியாதவர். எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க முடிந்துவிட்டால் இரண்டாம் நிலை. அவரும் ஆடலாம், ஆனால் எண்ணிக்கையில் சேரமாட்டார். எட்டு ஏழானால் திட்டம் நிற்கும், கூடம் இலாகாவுக்குத் திரும்பிப் போகும். நல்ல விதிதான். அதை அறிவித்த கூட்டத்தில் நானே கை தட்டினேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். மூன்று பிரதி. ஒன்று இலாகாவுக்கு, ஒன்று எங்களுக்கு, மஞ்சள் பிரதி அரசு மருத்துவமனையின் கால் பிரிவுக்கு. யாரை அறுவை சிகிச்சைக்குக் கூப்பிடலாம் என்று அந்த மஞ்சள் பிரதியைப் பார்த்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள். ஒரே சோதனையை இரண்டு இடத்தில் ஏன் செய்ய வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. அட்டையில் என் கையெழுத்தும் வேண்டும், பிசியோ அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். பிசியோ அம்மா பதினோரு கூடங்களைப் பார்க்கிறவர். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். வரும்போது வெற்று அட்டைகளில் கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். "நீங்க தினமும் பாக்குறீங்க மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?" என்பார். அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்பினார், அவ்வளவுதான்.

குருவி வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரி. அப்பா இல்லை; எங்கே என்று நான் கேட்டதில்லை. குழந்தையில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பி, முழங்கால் மடங்கியபடியே நின்றுபோயிருந்தது. அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய நாற்காலியில் அவள் தொலைந்து போனாள், தலை மட்டும்தான் தெரிந்தது. நம்ம பட்டாளத்துக்காரர்தான் பெயர் வைத்தார். அவர் ராணுவத்தில் இரண்டு காலையும் இழந்தவர், எங்கள் குழுவின் மூத்தவர், வாய் ஜாஸ்தி. "இதென்ன மாஸ்டர், ஆட்டத்துக்கு ஆள் கேட்டா குருவியப் புடிச்சுட்டு வந்திருக்கீங்க?" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் குருவி இரண்டே வருஷத்தில் பட்டாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பந்தைப் பிடுங்கினாள். கைவேகம் அப்படி. தோற்றால் அழமாட்டாள், ஜெயித்தால்தான் அழுவாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான்கு மணிக்கு வந்தால், அம்மா ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வரும் வரை என்னோடுதான் இருப்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, மேடம். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் எழுதிவைக்கிறேன்.

கம்பிப் பயிற்சியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தினமும் இருபது முறை உடம்பை இழுத்து மேலே தூக்க வேண்டும். தோளுக்காகத்தான் சொன்னேன். அது காலுக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போது எங்களிடம் முதல் நிலைக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அக்கா வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். எட்டு ஆனது. எட்டு போதும் என்று நிம்மதியாக இருந்தேன். அதே மாதம் ஒரு சாயங்காலம் குருவி, "மாஸ்டர், இங்க பாருங்க, எண்ணுங்க" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து மூன்றாவது தாங்கி இருக்கும் இடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றிருந்தாள். முழங்கால் மடக்கு அப்படியே இருந்தது, ஆனால் உடம்பு எழுந்துவிட்டது. நான் எண்ணினேன். நாற்பத்தொன்று வரை போனது. உட்கார்ந்ததும் சிரித்தாள், உதட்டில் வேர்வை. கம்பிக்குக் கீழே போட்டிருந்த பாய் அவளுடைய கால் அழுத்தத்தில் பள்ளமாகியிருந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். என் கண் கலங்கியது, அவளும் பார்த்தாள்.

"இன்னும் பத்தொம்பது எண்ணிக்கைதான் மாஸ்டர். அப்புறம் நான் இரண்டாம் நிலை. ஆஸ்பத்திரியில கூப்பிடுவாங்கல்ல?" என்றாள். எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். எலும்பு வளர்ச்சி முடிவதற்குள் முழங்காலை நிமிர்த்தும் சிகிச்சை செய்துவிட வேண்டும், பிறகு இரும்புப் பட்டை போட்டு ஊன்றுகோலோடு நடக்கலாம், அதற்கு இரண்டாம் நிலை அட்டை வேண்டும். நடந்து என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மாவின் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை இருக்கிறதாம். தையலைவிட அதற்கு மதிப்பு. ஆனால் நின்றுகொண்டுதான் வெட்ட வேண்டும், உட்கார்ந்து வெட்டுகிறவர்களைச் சேர்க்கமாட்டார்களாம். "நான் கட்டிங் மாஸ்டர் ஆகப் போறேன். அப்புறம் இந்த ஊருக்கு ரெண்டு மாஸ்டர்" என்றாள்.

பந்தை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலா என்று எனக்குக் கசந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் அறுபது, எழுபது என்று போனாள். ஒரு முறை அம்மாவும் இருந்து பார்த்துவிட்டு, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஜூன் மாத அட்டையில் நான் முதல் நிலை என்று எழுதினேன். பிசியோ அம்மாவின் கையெழுத்து முன்பே இருந்தது. எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிசம்பர் அட்டையிலும் அப்படியே எழுதினேன். இரண்டு அட்டையும் என் கையெழுத்துதான், நான் மறுக்கவில்லை.

ஒரு தராசை எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். ஒரு தட்டில் ஒரு பெண், இரும்புப் பட்டை மாட்டி ஊன்றுகோலோடு நடப்பது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கமாட்டார். இன்னொரு தட்டில் ஏழு பேர். கூடம் மூடினால் பட்டாளம் மறுபடி மருமகளின் வீட்டுப் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்காருவார். மற்றவர்களுக்கு அந்தச் சுவர்கூட ஒழுங்காகக் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் அவர்கள் மனிதர்களாக இருந்த இடம் அது. இதில் எந்தத் தட்டு தாழும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பட்டாளத்துக்கு இந்தச் சிக்கல் தெரியும். அவர் கிண்டல்காரர், ஆனால் முட்டாள் இல்லை. "எட்டுதானே உங்க பிரச்சன? ரெண்டு தெரு தள்ளி ஒரு கொத்தனார் இருக்கான். சாரத்துலேர்ந்து விழுந்து முதுகு போச்சு. மூணு வருஷமா மாடி அறைய விட்டு எறங்கல. போய்க் கூப்பிடுங்க மாஸ்டர். புள்ளய விடுங்க, நிக்கட்டும்" என்றார். சரி என்றேன். அந்தத் தெரு வரைக்கும் ஒருநாள் போனேன். கொத்தனாரின் வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து. ஜன்னல் மூடியிருந்தது. தூங்குகிற மனுஷனை எழுப்புவானேன் என்று திரும்பிவிட்டேன். அப்புறம் வேலை அதிகமாகிவிட்டது. அவர் ஆடக்கூடிய ஆளாக இருந்திருக்கமாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

குருவியின் அம்மா மாதாமாதம் கேட்பாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாச்சும் கடுதாசி வந்துச்சா மாஸ்டர்?" என்பாள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், தோளில் நூல் ஒட்டியிருக்கும். வரும்மா, அங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், நாம் மட்டுமா என்பேன். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு தடவைகூட என்னைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை.

நான் குருவியிடமும் பேசிப் பார்த்தேன். தினம் கொஞ்சமாகச் சொன்னேன். நிற்பதில் என்ன இருக்கிறது, விழுந்தால் உன் எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி உடைந்துவிடும், அப்புறம் நாற்காலியில்கூட உட்கார முடியாது, படுக்கைதான், அம்மாவால் உன்னைத் திருப்பிப் போட முடியுமா என்றெல்லாம் சொன்னேன். பயம் நல்ல வேலிதானே. இரண்டு வாரம் அவள் கம்பிப் பக்கம் போகவில்லை. அப்புறம் பட்டாளம் கெடுத்துவிட்டார். "விழுந்தா எந்திரிச்சுக்கலாம் குருவி. எனக்கு எந்திரிக்கக் காலில்ல, உனக்கு இருக்கு. எந்திரி" என்றாராம். மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கிடையில் இலாகாவில் மறுபடி விதி மாறியது. வெற்று அட்டையில் கையெழுத்துப் போடுவது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இனி மதிப்பீட்டு அதிகாரியும் பிசியோவும் நேரில் வந்து ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் அட்டை எழுதுவார்கள், திட்டத்தை மேலும் மூன்று வருஷம் நீட்டிப்பதும் அன்றைக்கே முடிவாகும் என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகப் போட்டிருந்தார்கள். கடிதத்தை வாசலில் ஒட்டினேன். எல்லோரும் படித்தார்கள். குருவியும் படித்தாள்.

"வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒரு நிமிஷம் நிக்கப் போறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டேன். அம்மாவும் அரை நாள் லீவு போடுது" என்றாள்.

சந்தோஷம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

இனி, நீங்கள் எனக்குப் படிக்கக் கொடுத்த விசாரணை அறிக்கையைப் பற்றி. அட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி, ஒரு வரிகூட நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் பக்கத்தில், "புதன்கிழமை நடந்த விபத்துக்குக் காரணம், கம்பியின் தாங்கிகளைப் பராமரிப்பதில் ஒருங்கிணைப்பாளர் காட்டிய அலட்சியம்" என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். அலட்சியம் என்பது நான் கேட்டுப் பழகாத வார்த்தை. கூடத்தின் பராமரிப்பு நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் முதல் நாள் பன்னிரண்டு போல்ட்டையும் சோதித்து நேரத்தோடு எழுதியிருப்பேன். அந்த மாதமும் சோதித்தேன். பன்னிரண்டும் உடும்புப்பிடியாக இருந்தன. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தும் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவற்றில் இரண்டை நான் தளர்த்தினேன்.

ஒன்றிலிருந்து மூன்று மணி வரை கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், தரை துடைக்கும் நேரம். வாசலிலிருந்து மூன்றாவது தாங்கி. அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள், ஜன்னல் வழியாகத் தெரு தெரியும் என்பதற்காக. மேல் போல்ட்டை முக்கால்வாசி கழற்றினேன், கீழ் போல்ட்டைப் பாதி. கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி இழுத்துப் பார்த்தேன், தாங்கியது. முழு உடம்பும் அதில் தொங்கினால் மட்டும்தான் விட வேண்டும். அதற்குத் தோதாக எத்தனை சுற்று என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வேறு யாரும் அதைப் பிடித்து அடிபட்டுவிடக் கூடாதே என்று, மற்றவர்களுக்குச் செவ்வாயும் புதனும் பந்து எறியும் பயிற்சி மட்டும் கொடுத்தேன். சுவர்ப் பக்கம் யாரையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை குருவிக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. இத்தனையும் யோசித்துச் செய்தவனை அலட்சியக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவளுக்கு ஒரு பயம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். சுளுக்கு, சிராய்ப்பு, இரண்டு நாள் அழுகை, வியாழக்கிழமை தாண்டிவிடும். எலும்பு முறியும் என்று நான் நினைக்கவில்லை. அப்படியானால் பாயை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். ஆமாம், புதன்கிழமை காலையில் பாயை வெயிலில் காயப் போடுகிறேன் என்று வெளியே எடுத்துப்போனவனும் நான்தான். பாய் இருந்திருந்தால் அவளுக்குப் பயம் வந்திருக்காது.

புதன்கிழமை நான்கு மணிக்கு வந்தாள். தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். நேராகக் கம்பிக்குப் போனாள். நான் இரண்டாம் நம்பர் நாற்காலிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், கடைசி ஒத்திகை. எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். இருபத்து மூன்று வரை எண்ணினேன்.

சத்தம் ரொம்பப் பெரிதாக இல்லை. தாங்கி சுவரிலிருந்து வந்தது, கம்பி அவள் பக்கம் சாய்ந்தது, மடங்கிய இடது கால் உடம்புக்கு அடியில் போய்விட்டது. பட்டாளம் நாற்காலியிலிருந்து தன்னையே கீழே தள்ளிக்கொண்டு, கையால் தரையைத் தேய்த்துத் தேய்த்து அவளிடம் போனார். அவருக்கு முன்னால் நான் போய்விட்டேன்.

தொடை எலும்பு முறிந்தது, முழங்கால் நொறுங்கியது. மூன்று மாதம் கட்டு. இனி அந்தக் காலை நிமிர்த்த முடியாது என்று கால் பிரிவு டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷமே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் நடந்திருக்கும் என்றும் சொன்னாராம், எதற்கு அதைப் பெற்றவளிடம் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. அவள் அம்மா அப்போதுதான் அங்கே ஃபைலில் இருந்த இரண்டு மஞ்சள் அட்டைகளைப் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றாள். கத்தவில்லை. "எம் பொண்ணு நின்னத நான் எங் கண்ணால பாத்தேன் மாஸ்டர். நீங்களும் பாத்தீங்க. அப்புறம் எப்படி எழுதுச்சு உங்க கை?" என்று கேட்டாள். நான் தராசைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்காமல் போய்விட்டாள். அவள் கொடுத்த புகாரில்தான் நீங்கள் வந்தீர்கள். அட்டையைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஏழு பேரைப் பார்த்தார். எட்டாவது ஆள் முந்தின நாள் அடிபட்டு மருத்துவமனையில் இருக்கிறாள் என்றதும், பாவம் என்று சொல்லி, அங்கேயே போய் அட்டை எழுதினார். முதல் நிலை. அந்த அட்டையில் பொய் எதுவும் இல்லை. மூன்று வருஷம் நீட்டிப்புக் கிடைத்தது. புதுக் கம்பி போட்டுக்கொள்ளத் தனியாக நிதியும் தந்தார்கள். இன்றைக்கும் அந்த ஏழு பேர் தினமும் வந்து ஆடுகிறார்கள். அதில் பட்டாளம் மட்டும் வருவதோடு சரி, ஆடுவதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. குருவியும் போன மாதத்திலிருந்து வருகிறாள். வடக்குச் சுவர்ப் பக்கம் போகமாட்டாள், பந்து அங்கே உருண்டால் வேறு யாராவது எடுத்துத் தர வேண்டும். துணி வெட்டும் மேசையைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

என்னை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அவளை நான்தான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசல் வரை ஓடினேன். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது, அதுவரை கீழே வைக்கவில்லை. வலியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க அப்பவே சொன்னீங்க மாஸ்டர், நான்தான் கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போதும் அதைத்தான் சொல்கிறாள். அவள் அம்மா என்னைத் திட்டினால்கூட, "மாஸ்டர ஒண்ணும் சொல்லாதம்மா, எம்மேலதான் தப்பு" என்று சண்டைக்குப் போகிறாளாம். பதினாறு வயதுப் பெண், இவ்வளவு பெரிய அடியைத் தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டு, யார்மேலும் வருத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறாள். இந்தத் தாளை அவளிடம் காட்டி, அந்த நிம்மதியையும் அவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், மேடம். எனக்குத் தெரிந்து அந்தப் பிள்ளைமேல் அக்கறைப்படுகிற ஆள் நான் ஒருவன்தான்.